பதினேழில் இல்லை

பதினேழாம் குழியில் இந்தத் தடவையும் துணி இல்லை என்று தூண்டில் சொன்னார். நான் அவர் கொண்டுவந்த ஐஸ் பெட்டியைத் திறந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டியின் நாற்றம் எனக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள்தான் மூக்கைப் பிடிப்பார்கள். நான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடிப்பேன்.

தூண்டில் என்பது நாங்கள் வைத்த பெயர். பாதாளச் சாக்கடையில் முப்பத்தொரு குழிகளை எங்கள் ஆய்வுக்கூடம் குறித்து வைத்திருக்கிறது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை அவர் போய் ஒவ்வொரு குழியின் மூடியையும் நெம்பித் திறந்து, வலைத்துணியைச் சுருட்டி நைலான் நூலில் கட்டி உள்ளே தொங்கவிடுவார். இரண்டு நாள் கழித்து இழுத்து எடுப்பார். ஊர் ஜனம் கழிவறையில் விட்டதெல்லாம் அந்தத் துணியை உரசிக்கொண்டுதான் போகும். அதில் டைபாய்டு கிருமி ஒட்டியிருக்கிறதா என்று நாங்கள் வளர்த்துப் பார்ப்போம். இருந்தால் அந்தக் குழியின் தெருக்களுக்கு வண்டி போகும். தண்ணீரில் மருந்து போடுவார்கள், கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுவார்கள், காய்ச்சல் என்று வந்தாலே ரத்தம் எடுப்பார்கள். ஆள் படுப்பதற்கு முன்னாலேயே சாக்கடை சொல்லிவிடும் என்பதுதான் எங்கள் வேலையின் பெருமை. நானும் கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டவள்தான்.

"இந்தத் தடவையுமா? போன தடவை என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"போன தடவையும் அடிச்சிட்டுப் போயிடுச்சேம்மா. அங்க வேகம் ஜாஸ்தி, நூல் தாங்கல. தாள்லயே எழுதிக் குடுத்தேனே, இல்லைன்னு."

பதினேழு என் தங்கையின் தெரு. அவளுடைய ஒரே மகள், ஆறு வயது, செத்து அன்றைக்குப் பதினெட்டு நாள்.

நான் கையுறையைக் கழற்றாமலேயே அலமாரியைத் திறந்துவிட்டேன். பிறகுதான் உணர்ந்து கழற்றிப் போட்டுவிட்டு, கை கழுவி வந்து போன தடவை முடிவுகளின் கோப்பை எடுத்தேன். கையைக் கழுவும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். சோப்பை இரண்டு தடவை போட்டேன். கோப்பைத் திறக்காமல் இருக்க அதைவிட வேறு வேலை அந்த அறையில் எனக்கு இல்லை.

தாள் ஒன்றுதான். ஒரு குழிக்கு ஒரு கட்டம். தூண்டில் எடுத்த தேதியைப் போட்டுத் தருவார், பத்து நாளுக்குள் முடிவை நான் நிரப்புவேன். விதிப்படி 'கண்டறியப்படவில்லை' என்று எழுத வேண்டும். கட்டமோ இரண்டு விரல் அகலம். அதற்குள் அத்தனை பெரிய சொல்லை முப்பது தடவை திணிக்க யாருக்குப் பொறுமை? 'இல்லை' என்று எழுதினால் ஆகாதா என்று ஆரம்பித்து வைத்த புண்ணியவதி நான்தான். இரண்டு வருடமாக அப்படித்தான் ஓடுகிறது, ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை.

போன தடவை கிருமி கிடைத்தது ஆறிலும் இருபத்திரண்டிலும். அந்த இரண்டு கட்டத்தில் 'உண்டு' என்று எழுதிவிட்டு, மீதியை மேலிருந்து கீழாக மளமளவென்று நிரப்பிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறது. பதினேழுக்கு வந்தபோது அங்கே ஏற்கெனவே 'இல்லை' என்று இருந்தது. நான்தான் எழுதியிருப்பேன் என்று பதினெட்டுக்குப் போய்விட்டேன். இப்போது பார்க்கிறேன், இருபத்தெட்டு 'இல்லை' என் கையெழுத்து. அந்த ஒன்று மட்டும் வேறு. தூண்டிலுக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான். அவர் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்து லை, யானைத் துதிக்கை மாதிரி சுழித்துப் போடுகிற பழைய லை. நான் பிறந்ததிலிருந்து ஒருநாளும் அந்த எழுத்தை எழுதியதில்லை. துணி இல்லை என்று அந்த மனிதர் ஒழுங்காக எழுதிக் கொடுத்திருக்கிறார். கிருமி இல்லை என்று நான் படித்திருக்கிறேன்.

படித்ததோடு நின்றேனா? அன்று சாயங்காலமே தங்கை போன் செய்தாள். எங்கோ டைபாய்டு பரவுகிறதாமே, எங்கள் தெருவில் இருக்கிறதா என்று கேட்டாள். வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. ஆனால் சொந்தத் தங்கைக்குக்கூட ஆகாத உத்தியோகம் என்ன உத்தியோகம்? "உங்க தெருவுல இல்லடி. என் கையாலதான் எழுதினேன்," என்றேன். பின்னாலிருந்து அவள் மகள் வாலு போனைப் பிடுங்கி, பெரியம்மா, சாக்கடையில் இன்றைக்கு என்ன பிடித்தாய் என்று கேட்டாள். முதலை என்றேன். எத்தனை கால் என்றாள். அவளுக்கு வாலு என்று பெயர் வைத்ததும் நான்தான்.

ஒரு வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல். மறுபடி தங்கை போன் செய்தாள். சாதாரணக் காய்ச்சல்தான், மாத்திரை கொடு, உங்கள் பக்கம் ஒன்றும் இல்லை என்று நான் சொன்னேன். ஆறு நாள் மாத்திரையிலேயே போயிற்று. ஏழாம் நாள் வயிறு கல்லாக வீங்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்றார்கள். பதினோராம் நாள் விடிகாலையில் முடிந்துவிட்டது. அவள் குடித்த தண்ணீர் நான் போனில் பேசுவதற்கு முன்பே உடம்புக்குள் போயிருக்கும், கொதிக்கவைக்கச் சொல்லியிருந்தாலும் காய்ச்சல் வந்துதான் இருக்கும் என்று இப்போது மனம் வக்கீல் வேலை பார்க்கிறது. வந்திருக்கட்டும். பதினேழில் சாம்பிள் இல்லை, அதனால் எதுவும் தெரியாது என்று சொல்லியிருந்தால் முதல் நாளே ரத்தம் பார்த்திருப்போம். பிள்ளை பிழைத்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதவே கூசுகிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர், வெளியே ஏதாவது வாங்கிக் கொடுத்தீர்களா என்று கேட்டார். காய்ச்சலுக்கு இரண்டு நாள் முன்னால் பள்ளிக்கூட வாசலில் ஒரு குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்ததாகத் தங்கை சொன்னாள். ஐஸ் வாங்கித் தராதே என்று தலையால் அடித்துக்கொள்கிறவர் தங்கை வீட்டுக்காரர். அவர் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். டைபாய்டு இரண்டு நாளில் வராது, ஒரு வாரமாவது ஆகும். அது என் தொழில், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் தெருவில் இல்லை என்று எழுதியவளும் நான். தண்ணீரில் இல்லை, ஐஸிலும் இல்லை என்றால் வேறு எங்கிருந்து வந்தது? "ஐஸாத்தான் இருக்கும்," என்று முனகினேன். அன்றிலிருந்து அந்த மனிதர் தன் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கோப்பை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்தின் தலைவியான எங்கள் மேடத்திடம் போனேன். பொறுமையாகக் கேட்டார், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பதினேழை அடித்து, பக்கத்தில் 'மாதிரி கிடைக்கவில்லை' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அந்தத் தெருவுக்கு இன்றே வண்டி அனுப்புவதாகவும், இனிமேல் அதற்குத் தனிக் கட்டம் போடலாம் என்றும் சொன்னார். நல்ல மனுஷி. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. வெளியே தூண்டில் நூல்கண்டோடு நின்றார். தான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா என்று கேட்டார். நீங்கள் சரியாகத்தான் எழுதினீர்கள் அண்ணே என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

இரண்டு பஸ். வழியெல்லாம் ஒரே யோசனை. சொன்னால் தங்கை என்னை விட்டுவிடுவாள், அதில் சந்தேகமே இல்லை. அம்மா அப்பா போனபிறகு எனக்கு இருப்பது அவள் ஒருத்தி. சொல்லாவிட்டால் அந்தக் குச்சி ஐஸைச் சாகும்வரை கையில் பிடித்துக்கொண்டிருப்பாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நடந்து திரும்பி வந்தேன்.

கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. தங்கை கூடத்தில் தரையில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் சீப்பு அரிசி டப்பாவுக்குள் கிடந்தது என்று, நான் உட்காருவதற்கு முன்பே சொன்னாள். வாலுக்கு அதுதான் விளையாட்டு. யார் எதைத் தேடுகிறார்களோ அதை ஒளித்து வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள். டிவி ரிமோட்டைக்கூட இன்னும் காணோம்.

"இனிமே எதையும் தேட மாட்டேன்கா. அங்கங்கயே இருக்கட்டும்."

நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. நாளைக்கு என்றால் என்றைக்குமே இல்லை என்பது எனக்கே தெரியும். அவள் கையிலிருந்த துண்டைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க தெருவுல இல்லைன்னு சொன்னேன் இல்ல? அது தப்புடி. துணி அடிச்சிட்டுப் போயிடுச்சு. சாம்பிளே இல்ல. அதைத்தான் எழுதியிருந்தாங்க. நான் கிருமி இல்லைன்னு படிச்சிட்டேன். உங்க தெருவை யாரும் பார்க்கவே இல்ல."

அவளுக்கு முதலில் புரியவில்லை. மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல, இன்னொரு தடவை சொன்னேன். துண்டு அவள் பக்கம் கொஞ்சம் இழுபட்டது. அவ்வளவுதான்.

"அப்ப அந்த ஐஸு?"

"ஐஸ் இல்ல. ரெண்டு நாள்ல வராது."

"இது உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. "தெரியும்," என்றேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் துண்டை என் கையிலிருந்து உருவி, நான்காக மடித்து, மற்றத் துணிகளின் மேல் வைத்து நீவினாள். அவள் முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. இத்தனை நாளாக மூச்சை அடக்கியிருந்தவள் விட்டதுபோலவும் இருந்தது, என்னை இதற்குமுன் பார்த்ததே இல்லை என்பதுபோலவும் இருந்தது.

"அவர் ஆறு மணிக்கு வருவார். எனக்குச் சொன்னதை அவர்கிட்டயும் சொல்லணும். ஒரு வார்த்தை விடக் கூடாது. அதுவரைக்கும் இங்கயே உட்காரு. என்கிட்ட பேசாத."

உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் துணியை மடித்தாள். பக்கத்து வீட்டில் யாரோ பிள்ளையைப் பாடம் படிக்கச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்கள். தெருவில் எங்கள் வண்டி வந்து நின்றது. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கவும் என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே கடந்து போயிற்று. தங்கை தலையைத் தூக்கவில்லை.

ஆறு அடிக்கச் சற்று முன்பு தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அவள் சட்டென்று எழுந்து உள்ளே போனாள். குழாயைத் திறந்து முகம் கழுவுகிற சத்தம் வெகுநேரம் வந்தது. ஈர முகத்தோடு வந்து, எத்தனையோ நாளாகச் சீப்புப் படாத முடியை விரலாலேயே கோதி முடிந்துகொண்டாள். பிறகு கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்து வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி, அவர் ஏறிவரும் படியைப் பார்த்தபடி நேராக நின்றாள்.