கிழவிக்குத் தலைக்கயிறு

கொடியில் தொங்கிய அம்மாவின் கோட்டை இழுத்து முகத்தோடு சேர்த்து மோந்து பார்த்தாள் கிளெனிஸ். லாவெண்டர் சோப்பு வாசனை. அக்குள் பக்கம் மோந்தாள், காலருக்கு உள்ளே மோந்தாள், பைகளை வெளியே இழுத்துவிட்டு மோந்தாள். லாவெண்டரைத் தவிர வேறு எதுவும் இல்லை. வெந்நீரில் ஊறிய கம்பளி சுருங்கி, பள்ளிக்கூடப் பிள்ளையின் கோட்டு அளவுக்கு ஆகியிருந்தது.

"தோரா! இதை எதுக்குத் துவைச்சீங்க?"

பக்கத்துப் பண்ணை தோரா சமையலறை வாசலில் ஈரக் கையோடு வந்து நின்றாள். அம்மா இறந்த செய்தி கேட்டதிலிருந்து அவள்தான் இந்த வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்தாள். ஆட்டிறைச்சிப் பாத்திரங்களை அடுக்கிவைத்தது, தரையைத் தேய்த்தது, படுக்கை விரிப்பு, தலையணை உறை என்று கண்ணில் பட்டதையெல்லாம் இயந்திரத்தில் போட்டது எல்லாம் அவள்தான்.

"நாத்தம் குடலைப் புரட்டுச்சுடி. அடக்கம் முடிஞ்சு ஊரே டீ குடிக்க வரப்போகுது. ஒங்கம்மா வெர்னா மானமா வாழ்ந்தவ. அவ வீட்டுக் கதவுக்குப் பின்னால அப்படி ஒண்ணு தொங்கினா நல்லாவா இருக்கும்?"

கிளெனிஸ் கோட்டைக் கையில் பிடித்தபடி பட்டியைப் பார்த்தாள். சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை தூரத்து மூலையில் வேலியோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தது.

"ஐயோ, அந்தக் குதிரைக்கா?" என்று தோரா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் ஆடு வளர்ப்பவள். ஆட்டுக்கு யார் கோட்டு என்ன கோட்டு என்றெல்லாம் கிடையாது.

குதிரைகளோடு பழகும் யாராக இருந்தாலும் அந்தக் கோட்டை விரலால்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். மலையில் தேசியப் பூங்காவுக்குள் பெருகிப்போன காட்டுக் குதிரைகளைப் பூங்காக்காரர்கள் உப்புக்கட்டி வைத்து வளைத்துப் பிடித்துக் கீழே அனுப்புவார்கள். வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால் அது பிழைத்தது. இல்லையென்றால் தோட்டா. அப்படி வந்தவற்றை வாங்கிப் பழக்கி, நல்ல வீடு பார்த்து அனுப்புவதுதான் வெர்னா குவில்ட்டி தன் பிற்காலம் முழுக்கச் செய்த வேலை. புதுக் குதிரை வந்ததும் முதலில் கோட்டைக் கழற்றி வேலியில் தொங்கவிடுவாள். அது பயந்து, கனைத்து, சுற்றி வந்து, கடைசியில் மூக்கை நீட்டி மோந்து பார்த்த பிறகுதான் அதையே போட்டுக்கொண்டு உள்ளே போவாள். "அதுங்களுக்கு என் பேரும் தெரியாது, மூஞ்சியும் தெரியாது. இந்தக் கோட்டுதான் நான்" என்பாள். அதனால் துவைக்கவே மாட்டாள். கிறிஸ்துமஸ் விருந்துக்குக்கூட அந்த நாற்றத்தோடு வந்து உட்கார்ந்து மகளின் மானத்தை வாங்கியிருக்கிறாள்.

மற்ற குதிரைகளெல்லாம் போய்விட்டன. மிச்சம் இந்த ஒன்றுதான். வயதானது என்பதால் அம்மா இதைக் கிழவி என்றே கூப்பிட்டாள். கழுத்தைத் தொடவிடும் அளவுக்குப் பழக்கியிருந்தாள். தலைக்கயிறு மாட்டுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாள். மலை அடிவாரத்து ஹாஸ்லம் தம்பதி தங்கள் ஒற்றைக் குதிரைக்குத் துணையாகக் கிழவியை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். இன்று டிரெய்லரோடுதான் அடக்கத்துக்கு வருகிறார்கள். ஆனால் தலைக்கயிறு போட்டு நடத்திக் கூட்டிவந்தால்தான் ஏற்ற முடியும். அப்படியே விரட்டி ஏற்றினால் வழியில் அது தன்னையும் உடைத்துக்கொள்ளும், வண்டியையும் உடைத்துவிடும்.

மருத்துவமனையில் அம்மா கடைசியாகக் கண்ணைத் திறந்தபோது மகளைப் பார்த்துக் கேட்டது, நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றல்ல.

"கிழவி என்ன பண்றா?"

சாகும்போதும் குதிரைதான். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்ததும் கிளெனிஸின் வாய் தானாகப் பொய் சொல்லிவிட்டது. "தலைக்கயிறு போட்டாச்சும்மா. நான்தான் போட்டேன். ஹாஸ்லம் வீட்டுக்குப் போயிட்டா."

"நீயா?" என்றாள் அம்மா. சிரித்தாள். மகளைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு அவள் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று கிளெனிஸுக்கு நினைவில்லை. அதற்குப் பிறகு அம்மா எதுவும் பேசவில்லை.

அம்மாவை மண்ணைப் போட்டு மூடுவதற்குள் அந்தப் பொய்யை உண்மையாக்கிவிட வேண்டும். வேறு எதையும் அவளால் யோசிக்க முடியவில்லை.

உள்ளே ஓடி, மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த பையைக் கவிழ்த்தாள். அம்மாவின் இரவு உடை இருந்தது. கறுப்பு உடைக்கு மேலே அதை மாட்டிக்கொண்டு பட்டிக்குள் போனாள். கிழவி மூக்கைத் தூக்கியது. ஒரு கணம் காது முன்னால் வந்தது. பிறகு மருந்து வாடையோ, வேறு எந்த வாடையோ, துள்ளித் திரும்பி எதிர்மூலைக்கு ஓடி வேலியில் மோதியது. பலகை முறியும் சத்தம் கேட்டது.

"அதை விட்டுட்டு வா, கிளெனிஸ்." அண்ணன் டார்சி வேலிக்கு வெளியே நின்றான். கழுத்து டையை முடிச்சுப் போடத் தெரியாமல் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். "மெர்வுக்குச் சொல்லிட்டேன். நம்ம கோயில்ல இருக்கும்போதே வந்து ஏத்திட்டுப் போயிடுவான். வர்றவங்க கண்ணுல படாது."

மெர்வ், குதிரைகளை இறைச்சிக்கு ஏற்றிப்போகும் நாய்த்தீனிக் கம்பெனி லாரி ஓட்டுபவன். அந்த லாரி வீட்டு வழியாகப் போனாலே அம்மா வெளியே வந்து காறித் துப்புவாள்.

"அம்மா பொணம் இன்னும் மண்ணுக்குப் போகல. அதுக்குள்ள நாய்த்தீனிக்கா?"

"பின்ன என்ன பண்ணச் சொல்ற? நாளையிலேருந்து இதுக்கு யார் புல்லு போடுவா? நீ ஊர்ல பள்ளிக்கூடச் சமையல் பண்ணிட்டு இருப்ப. என் மாட்டுக்கே தண்ணி இல்ல. எல்லாருக்கும் போன் போட்டுட்டேன். எல்லார் பட்டியும் ரொம்பி வழியுது. மலையிலேருந்து இறக்கிட்டே இருக்காங்க. கிழடு வேற, தொடவும் விடாது. யார் எடுப்பா?"

"ஹாஸ்லம்."

"தலைக்கயிறு போட்டியா?"

அவள் முறிந்த பலகையைப் பார்த்தாள். டார்சியின் கண்ணும் சிவந்திருந்தது. அவன் கொடியவன் அல்ல. கணக்குப் பார்த்துப் பேசியே பழகியவன், அவ்வளவுதான். "பொட்டியை நான் தூக்கணும். மணியாச்சு. கார்ல ஏறு."

"நீ போ. நான் வரேன்."

"அம்மா அடக்கம் இது, கிளெனிஸ்."

"தெரியும். போ."

அவன் அவள் உடுத்தியிருந்த இரவு உடையைப் பார்த்தான். தோராவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். டை அவன் கையிலேயே தொங்கியது.

கிளெனிஸ் இரவு உடையைக் கழற்றி வேலிக்கு வெளியே வீசினாள். கோட்டை மண்ணில் புரட்டி, சாணத்தில் தேய்த்துப் பார்த்தாள். கிழவி மோந்துகூடப் பார்க்கவில்லை. புல்லை நீட்டினாள். கேரட் நீட்டினாள். மலையில் பிறந்த குதிரைக்குக் கேரட் என்றால் என்னவென்றே தெரியாது. அம்மா பேசுவது போல் தாழ்ந்த குரலில் பேசிப் பார்த்தாள். குரல் உடைந்து கீச்சென்று வந்தது. கயிற்றோடு ஓரடி வைத்தால் அது மூன்றடி விலகியது. வெயில் ஏற ஏற அவளுக்குள் ஒரு வெறி வந்தது. துரத்த ஆரம்பித்தாள். செய்யவே கூடாத காரியம் அது. பட்டி முழுக்கப் புழுதி. குதிரையின் விலாவில் நுரை தள்ளியது. அவள் கால் தடுக்கி முழங்கால் உரிய விழுந்தாள்.

எழுந்தபோது லாரி வந்து நின்றிருந்தது.

மெர்வ் இறங்கி வந்தான். தொப்பை சரிந்த பெரிய மனிதன். கோயிலுக்குப் போக வேண்டிய ஆள் பட்டியில் புழுதியோடு நிற்பதைப் பார்த்துத் திகைத்துப்போனான். "மன்னிச்சிரும்மா. யாரும் இருக்க மாட்டாங்கன்னு டார்சி சொன்னான்."

"கொஞ்சம் பொறுங்க மெர்வ். கயிறு போட்டுட்டா வேற எடத்துக்குப் போயிடும்."

அவன் குதிரையைப் பார்த்தான், அவள் முழங்காலைப் பார்த்தான். "இந்த நிலைமையில ஒங்க அம்மாவே போட மாட்டாங்களேம்மா. விரட்டி விரட்டி மிரள வச்சிருக்க."

"எனக்குத் தெரியும்!" என்று கத்தினாள். "எனக்கு எதுவும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்!"

மெர்வ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "வெர்னா என் லாரி மேல ஒரு தடவை சாணி வீசியிருக்காங்க, தெரியுமா? கண்ணாடியில. நல்ல குறி." கல்லறைக்கு இந்த வழியாகத்தான் போக வேண்டும். அவன் சாலைப் பக்கம் பார்த்தான். "அவங்க ஊர்வலம் இந்தப் பக்கமாத்தானே வரும். அது தாண்டிப் போற வரைக்கும் நிக்கறேன். அதுக்கு மேல முடியாதும்மா. எனக்கும் மொதலாளி இருக்கான்."

அவன் லாரியைப் பின்னால் எடுத்து, ஏற்றும் பலகையை மட்டும் இறக்கி வைத்தான். இரும்பு தரையில் விழுந்த சத்தத்துக்குக் கிழவி நடுங்கியது.

கிளெனிஸ் அந்தப் பலகையைப் பார்க்க விரும்பவில்லை. லாரியையும் பார்க்க விரும்பவில்லை. எங்கே பார்த்தாலும் தன் தோல்விதான் கண்ணில் பட்டது. குதிரைக்கு முதுகைக் காட்டி, புல்கட்டின் மேல் உட்கார்ந்தாள். மடியில் கயிறு. அதுவரை வராத அழுகை வந்தது. கோபமாக வந்தது.

"ஒனக்கு எல்லாம் இதுங்கதானே," என்றாள், எதிரே அம்மா உட்கார்ந்திருப்பது போல. "எனக்குக் காய்ச்சல் வந்தா ஆஸ்பிரின். குட்டி போட்ட குதிரைக்குன்னா ராத்திரி முழுக்க முழிப்பு. எங்கிட்ட ஒரு நாளாவது வேலியில கோட்ட மாட்டிட்டுக் காத்திருந்தியா? காத்திருந்தா நான் வந்திருப்பேனேம்மா. வந்திருப்பேன்."

மூக்கைக் கையால் துடைத்தாள். தன் கல்யாணத்துக்கு அம்மா தாமதமாக வந்தது, அப்பா போனபோது அழாதது, கடைசியில் சிரித்தது என்று எல்லாவற்றையும் சொன்னாள். பொய் சொன்னதையும் சொன்னாள். நாடகத்தனமாக எதுவும் இல்லை. சளியும் விக்கலுமாகச் சொன்னாள்.

எப்போது வந்தது என்று தெரியவில்லை. அவள் இடுப்பருகில் புல் இழுபடும் சத்தம் கேட்டது. உதறி இழுத்து, மென்று, மறுபடி இழுக்கும் சத்தம். களைத்துப்போன கிழக் குதிரை பசிக்குப் புல் தின்றது, வேறொன்றும் இல்லை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். மெல்ல, முகத்தைத் திருப்பாமல், கையை மட்டும் பின்னால் கொண்டுபோனாள். வியர்வையில் நனைந்த கழுத்து விரலில் பட்டது. தோல் ஒருமுறை வெடுக்கென்று சிலிர்த்தது. விலகவில்லை.

மெர்வ் லாரியின் நிழலில் அசையாமல் நின்றான்.

அவள் ஒரு கையைக் கழுத்தில் வைத்தபடியே எழுந்தாள். கயிறு மூக்கருகே போனது. கிழவி தலையைத் தூக்கியது. கயிற்றை இறக்கினாள். மறுபடி கொண்டுபோனாள். மறுபடி இறக்கினாள். தோள் மரத்துப்போனது. கடைசியில் கயிற்றின் வளையத்துக்குள் குதிரையின் மூக்கு நுழைந்தது. இனி காதுக்குப் பின்னால் வாரைக் கொண்டுபோய்க் கொக்கியில் மாட்ட வேண்டும்.

அப்போது சாலையில் வண்டிச் சத்தம் கேட்டது.

மெதுவாக வரும் வண்டிகள். முன்னால் அம்மாவின் பெட்டியை ஏற்றிய வண்டியாகத்தான் இருக்கும். அது அவள் முதுகுக்குப் பின்னால் வந்தது. திரும்பிப் பார்த்தால் தோள் அசையும், கை அசையும், கயிறு நழுவும். மெர்வ் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தான்.

கிழவியும் தலையைத் திருப்பிச் சாலையைப் பார்த்தது. காதுகள் முன்னால் குவிந்தன. கறுப்பு வண்டி போவதையும், அதன் பின்னால் டார்சியின் கார் போவதையும், ஹாஸ்லமின் காலி டிரெய்லர் கடகடத்துப் போவதையும் அது நின்று நிதானமாகப் பார்த்தது. கிளெனிஸ் அதன் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டாள். சத்தம் நெருங்கி வந்தது, பக்கத்தில் வந்தது, தாண்டிப் போனது.

புழுதி வேலியைத் தாண்டி உள்ளே வந்து இருவர் மேலும் படிந்தது. குதிரை தும்மிவிட்டு, புல்லுக்குத் தலையைத் தாழ்த்தியது. அவள் விரல்கள் கொக்கியைத் தேடின.