நாற்பத்து மூன்று பெயர்களும் ஒரு பின்பக்கமும்

மேலப்பாளையத்தில் நஃபீஸத் செய்கிற வட்டலப்பத்தைத் தின்றுவிட்டுக் கிண்ணத்தை வழிக்காமல் வைத்தவர் எவருமில்லை. முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி, ரெண்டு ஏலக்காய். ஆவியில் வெந்து இறங்கினால் தெருவே மூக்கை நீட்டும். ஆனால் கொழுந்தன் அஃப்சலுக்கு இதெல்லாம் போதவில்லை. துபாயில் ஒரு கடையில் நாலு வருஷம் பெட்டி அடுக்கிவிட்டு வந்தவன், கைப்பேசியில் மூன்று நாள் வகுப்பு பார்த்து, 'பிராண்ட் ஆலோசகர்' என்று அட்டை அடித்துக்கொண்டான். ஆலோசனை கேட்க வெளியிலிருந்து ஆள் வராததால் வீட்டுக்குள்ளேயே வழங்கிக்கொண்டிருந்தான்.

நஃபீஸத்துக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: வட்டலப்பக் கடைக்கென்று, தெருவைப் பார்த்த முன்னறை. அதற்குப் பாத்து என்கிற அவள் மாமியார் ஒரு கெடு வைத்திருந்தாள்.

"பெருநாப் பிறை தெரியுத அன்னைக்கு, நாளொண்ணுக்கு இருபது ஆர்டர் வந்துக்கிட்டு இருக்கணும் புள்ள. இல்லன்னா முன்ரூமு அஃப்சலுக்கு. அவன் மொபைல் கட வைக்கணும்னு நிக்கான்."

அவன் நிற்கவில்லை, உட்கார்ந்தேவிட்டான். அளவு பார்க்க என்று சொல்லி ஒரு கண்ணாடி ஷோகேசை வாங்கி, முன்னறையில் அவளுடைய இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில் இறக்கியிருந்தான். ஆவி பட்டுப்பட்டு அது எந்நேரமும் வேர்த்தபடி நின்றது.

நோன்புக்கு முந்தின வெள்ளிக்கிழமை கடைத் திறப்பு. நோட்டீசுக்கு நஃபீஸத் நாலு வரி எழுதிவைத்தாள். என்ன பண்டம், எதில் செய்தது, எப்போது கிடைக்கும், எந்த எண்ணில் கூப்பிடவேண்டும். அஃப்சல் அதை வாங்கிப் படித்துவிட்டு, காய்ச்சல்காரரைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தான்.

"என்ன மைனி, பலசரக்குச் சீட்டு மாதிரில்லா இருக்கி? பொருளச் சொல்லக்கூடாது. உணர்வத் தொடணும்."

ஒரு நாள் முழுக்க யோசித்து உணர்வைத் தொட்டு வந்தான்: 'சுவையின் உச்சம்! மரபின் மிச்சம்! தலைமுறைகளின் எச்சம்!'

"எச்சம்னா காக்கா போடுதது இல்லியா தம்பி?"

"இது இலக்கியம் மைனி. ஒங்களுக்கு வெளங்காது."

மிச்சத்தையும் எச்சத்தையும் சொல்லி ஒரு தின்பண்டத்தை விற்கத் துணிந்தவன் தாமிரபரணிக்கு இந்தக் கரையிலும் கிடையாது, அந்தக் கரையிலும் கிடையாது. கடைக்கு 'நஃபீஸ் கிராண்ட் குளோபல் டெசர்ட்ஸ்' என்று பெயரும் வைத்தான். குளோபல் என்பது பக்கத்திலிருக்கிற கொக்கிரகுளம் வரைக்கும்.

அடுத்துப் பெயர்கள் ஏறின. திறப்பு என்றால் தலைமை வேண்டும், முன்னிலை வேண்டும், திறந்துவைப்பவர், முதல் விற்பனையைப் பெற்றுக்கொள்பவர், துஆ ஓதுபவர், வாழ்த்துரை வழங்குவோர். இருபத்திரண்டு பெயரோடு அச்சுக்குப் போய்வந்த நோட்டீசை எடுத்துக்கொண்டு, பாத்துவின் தம்பி ஹபீப் முகம்மது நேரே வீட்டுக்குள் வந்தார்.

"ஏலே அஃப்சலு, நான் தாய்மாமன். என்னக் கொண்டுபோயி 'வரவேற்போர்'ல கடைசியில போட்டிருக்க. நான் என்ன, வாசல்ல நின்னு செருப்புக்கு டோக்கன் குடுக்குதவனா?"

"மாமா, அது அகரவரிசை…"

"மாமனுக்கு ஏதுலே அகரவரிசை? யாவாரத்துல எங்களுக்கு மரியாத இல்லன்னா, அந்த யாவாரத்துக்கு எங்க வீட்டு வாய் தொறக்காது. பாத்துக்கோ."

அவர் 'முன்னிலை'க்குப் போனார். அவர் போனதைப் பார்த்து மற்றவர்களும் மேலேறினார்கள். ஏற முடியாதவர்களுக்குப் பட்டம் கொடுக்கப்பட்டது. பத்தாம் வகுப்பை மூன்று தடவை எழுதியவர் 'கல்வி வள்ளல்' ஆனார். ரெண்டாம் அச்சில் பெயர்கள் நாற்பத்து மூன்று. இடம் போதாமல் முதலில் இலக்கியத்தை எடுத்தார்கள். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. பிறகு 'வட்டலப்பம்' என்ற சொல்லை எடுத்தார்கள். அப்புறம் போன் நம்பரை. மிஞ்சிய மூலையில், கோட்டு போட்டுக் கைகட்டி நிற்கிற அஃப்சலின் படம். நாற்பத்து மூன்றில் பெண்பிள்ளை பெயர் ஒன்றுகூட இல்லை.

"பண்டத்தோட பேரு எங்கன தம்பி?"

"சொல்லாம விடுததுதான் மைனி உத்தி. ஜனங்க ஆவலா வருவாங்க."

ஆவலாகத்தான் வந்தார்கள். வெள்ளிக்கிழமை நாற்பத்து மூன்று பேரும் வந்து, நாற்பத்து மூன்று சால்வை போர்த்திக்கொண்டு, நஃபீஸத் வைகறையிலிருந்து அவித்த அறுபது கிண்ணத்தையும் வழித்து வைத்துவிட்டு, ஆளுக்கு ரெண்டு நோட்டீஸ் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் ஆர்டர் சொல்லவில்லை. கல்வி வள்ளல் மட்டும், "நல்லாருக்கி, இது என்ன சாமான்?" என்று கேட்டார்.

நோன்பு ஐந்து கழிந்தது. வந்த ஆர்டர் மூன்று. அதில் ஒன்று அவளுடைய உம்மா வீட்டிலிருந்து. அஃப்சல் இஞ்ச் டேப்பை எடுத்து வந்து முன்னறைச் சுவரை அளக்கத் தொடங்கினான்.

ஆறாம் நோன்பன்று ஹபீப் மாமா வீட்டுக்கு நோன்புக்கஞ்சி கொடுக்கப் போனவள், கூடத்துச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள். காலண்டருக்குப் பக்கத்தில், ஆணியில் நூல் கட்டி, அந்த நோட்டீஸ் தொங்கியது. 'முன்னிலை'க்கு அடியில் சிவப்பு மையால் கோடு.

"ஒங்க மாமா போறவன் வாறவன எல்லாம் கூட்டியாந்து காட்டுதாரு," என்றாள் மாமாவின் மனைவி ஜுபைதா பீவி. "ஒனக்குப் போன் போட்டு ரெண்டு கிண்ணம் சொல்லணும்னு நானும் நாலு நாளாத் தேடுதேன். நம்பரு எங்கனடி இருக்கி அதுல?"

திரும்பும் வழியில் நஃபீஸத் இன்னும் நாலு வீட்டில் எட்டிப் பார்த்தாள். ஒரு வீட்டில் கதவுக்குப் பின்னால், ஒரு வீட்டில் பிரிட்ஜ் மேல், கல்வி வள்ளல் வீட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள். ஊரில் எத்தனையோ நோட்டீஸ் அச்சாகிறது. மறுநாளே அதில் வடை மடிப்பார்கள். தன் பெயர் இருக்கிற தாளை மட்டும் ஒருத்தனும் தூரப்போட மாட்டான்.

வீட்டில் எழுநூறு நோட்டீஸ் கட்டவிழ்க்காமல் கிடந்தது. முன்பக்கம் பளபளப்பு, பின்பக்கம் வெறும் தாள். அவள் கட்டைத் தூக்கிக்கொண்டு சந்துமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். பழைய நாலு வரியையும் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.

'வட்டலப்பம். முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி. சாயங்காலம் அசர் தொழுகைக்குத் தயார், நோன்பு திறக்கிற மஃரிப் பாங்குக்குள் தீர்ந்துவிடும். சொல்லிவைக்க நஃபீஸத்,' கீழே எண்.

கடைக்காரன் சங்கிலிபூதத்தான் தாளைத் திருப்பிப் பார்த்தான். "யக்கா, முன்பக்கம் என்ன, கல்யாணமா?"

"முப்பது நாப்பது மாப்பிள்ளைக்கு. நீ பின்பக்கத்த அடி."

அன்று மாலை முதல் வீடுவீடாக ஏறினாள். ஆண்களிடம், "ஒங்க பேரு போட்டது மிச்சம் இருக்கி, இன்னொண்ணு வச்சுக்கிடுங்க" என்றால் போதும். வாங்காதவர் ஒருவரும் இல்லை. பழையதை எடுத்துவிட்டுப் புதியதைத் தொங்கவிட்டார்கள். அவர்கள் பள்ளிவாசலுக்குப் போனதும் வீட்டுப் பெண்கள் அதைத் திருப்பித் தொங்கவிட்டார்கள்.

பத்தாம் நோன்புக்கு ஒன்பது ஆர்டர். பதினைந்துக்குப் பதினேழு. இருபதாம் நோன்புக்கு இருபத்தாறு. ஹபீப் மாமா வந்து, "ஏ நஃபீஸத்து, எம் பேரு செவருப் பக்கமால்லா திரும்பிக் கெடக்கு" என்று முறையிட்டார். ஆனால் கையோடு தூக்குவாளியும் கொண்டுவந்திருந்தார்.

பிறை தெரிந்த மாலையில் நாற்பத்தோரு ஆர்டர். பாத்து விரல் மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "முன்ரூமு ஒனக்குத்தான் புள்ள" என்றாள். இஞ்ச் டேப் சுருண்டது.

அஃப்சல் சுருளவில்லை. பெருநாள் முடிந்த மூன்றாம் நாள், ஒரு புது நோட்டீசோடு வந்தான். 'சிறுதொழில் விளம்பரக் கலை: மாபெரும் பயிலரங்கு.' தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, நடுவில் அதே கோட்டு.

"பின்பக்கத்தக் காலியா விட்டது என்னோட உத்திதான மைனி? அதத்தான் மொதப் பாடமா வைக்கேன். ஒங்க பேரயும் முன்னிலையில போடட்டுமா?"

நஃபீஸத் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். எங்கே, எப்போது என்று எங்கும் இல்லை. அவனுடைய ஷோகேசின் கதவைத் தள்ளி, ஆறவைத்த கிண்ணங்களை அதற்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"எம் பேரு வேண்டாம் தம்பி. எத்தன அடிச்சாலும் பின்பக்கத்த மட்டும் எனக்கு விட்டுரு."