புகைப்படம் ஒட்டாத ஏலக்காரர்

ஏலக்காரர் தேர்வில் ஈனோஸ் பைலர் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கினார். ஆனாலும் லைசென்ஸ் வரவில்லை. விண்ணப்பத்தில் புகைப்படம் ஒட்டவேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது என்று மாநிலத் தலைநகரிலிருந்து கடிதம்தான் வந்தது.

எனக்கு அது உடனே தெரிந்ததற்குக் காரணம், அவரைத் தேர்வுக்கு அழைத்துப் போனவள் நான். என் பெயர் லொரெட்டா. முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றபின், ஆமிஷ் குடும்பங்களுக்கு வேன் ஓட்டுகிறேன். பழைய காலத்து முறைப்படியே வாழும் கிறிஸ்தவச் சபையார் அவர்கள்; சொந்தமாகக் கார் வைத்துக்கொள்வதில்லை. குதிரைக்கு எட்டாத தூரமென்றால் எங்களைப் போன்றவர்களின் வண்டியில் ஏறிக்கொள்வார்கள். பல் பிடுங்குவது, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் என் வேன்தான். வெளியாட்கள் எல்லாருமே அவர்களுக்கு ‘இங்கிலீஷ்காரங்க’. அவர்கள் முன்னோர் போலவே என் முப்பாட்டனும் ஜெர்மனியிலிருந்து வந்தவர்தான் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

ஈனோஸுக்குத் தொழில் குதிரைச் சேணம் தைப்பது. ஆனால் குரல் ஏலத்துக்கென்றே பிறந்த குரல். எங்கள் ஊரில் ஒவ்வொரு மார்ச்சிலும், பனி உருகித் தரை களியாகக் கிடக்கும் சமயத்தில், தீயணைப்புக் குழுவுக்குப் பணம் திரட்ட ஒரு பெரிய ஏலம் நடக்கும். அதை இருபது வருடம் நடத்திய ஹார்லனுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. அவரிடம் ஈனோஸ் சட்டப்படி இரண்டு வருடம் தொழில் பழகியிருந்தார். அடுத்த ஏலம் ஈனோஸுடையது என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. நடுவில் இந்தக் கட்டம்.

ஆமிஷ் சபையில் படத்துக்கு நிற்கக் கூடாது. உருவம் செய்யாதே என்பது பைபிள் வாக்கியம். தன்னைத் தானே பார்த்துப் பெருமைப்படுவதும் அவர்களுக்கு ஆகாது.

அவர்கள் வீட்டுக்குள் தொலைபேசி வைப்பதில்லை; பாதை ஓரத்தில் பொதுவாக வைத்திருக்கும் தொலைபேசிக் கூண்டிலிருந்து நான்தான் லைசென்ஸ் அலுவலகத்துக்குப் பேசினேன். டெல்ஃபீன் என்ற பெண் எடுத்தாள்.

“எனக்குப் புரியுதுங்க. ஆனா அந்தக் கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே போகமாட்டேங்குது. நான் என்ன செய்யட்டும்?”

“கம்ப்யூட்டர் எந்தச் சபைம்மா?” என்று கேட்டேன். அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் கட்டம் திறக்கவில்லை.

ஹார்லன் கிசுகிசுத்த தொண்டையோடு வந்து, “ஒரே ஒரு படம்தானப்பா. யாரு பாக்கப் போறா?” என்றார். நகரத்து வக்கீல் ஒருவர், காசே வேண்டாம், மாநிலத்தின்மேல் வழக்குப் போடுகிறேன் என்று எழுதினார். வழக்குப் போடுவதும் அவர்கள் வழக்கமில்லை. ஈனோஸ் அவருக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதி, கூடவே ஒரு டப்பா ஆப்பிள் ஜாமும் அனுப்பினார்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கடைத்தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்குப் படஅட்டை விற்கும் கடை இருக்கிறது. அதில் ஒன்றில், குதிரைவண்டியில் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பது சாட்சாத் ஈனோஸ். யாரோ புதர் மறைவிலிருந்து எடுத்தது. ஓர் அட்டை வாங்கிக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனேன்.

“இந்தா பாருங்க தம்பி. நீங்க நிக்கவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. எவனோ எடுத்தது. வெட்டி ஒட்டிடுவோம். பாவம் அவன் கணக்குல.”

ஈனோஸ் அட்டையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி மலிண்டா வந்து எட்டிப் பார்த்து, “குதிரை நல்லா வந்திருக்கு” என்றாள்.

பிறகு அவர் அட்டையைத் திருப்பி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். ஊசியைத் தோலில் குத்தி நிறுத்தினார். நான் வேலை முடிந்ததென்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, அவன் எடுத்தது அவனோட போகட்டும். அதை எடுத்து ஒட்டுறது என் கைதானே? அப்புறம் நான் நின்னா என்ன, நிக்காட்டி என்ன?”

“அப்ப ஏலம்?”

“வேணும்னுதான் இருக்கு. ரொம்பவே வேணும்னு இருக்கு. அதான் பயமா இருக்கு.”

அவர் அப்படி மனசைத் திறந்து பேசி நான் கேட்டதில்லை. என் கெட்டிக்காரத்தனம் எனக்கே கூச்சமாகிவிட்டது.

ஒரு வாரம் கழித்து டெல்ஃபீனே கூப்பிட்டாள். லைசென்ஸ் கொடுக்கும் வாரியம் மாதம் ஒருமுறை கூடுகிறது, யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம், வழக்கெல்லாம் வேண்டாம் என்றாள். “கேக்குறதுல தப்பில்லையேங்க” என்று அவள் சொன்னது ஈனோஸுக்குப் பிடித்துப்போயிற்று. கேட்பதற்கு அவர்கள் சபையில் தடையில்லை.

தலைநகருக்கு இரண்டரை மணி நேரம். வாரியத்தில் ஏழு பேர். தலைவர் வெண்டல், மாடு ஏலம் விட்டே தடித்த மனிதர். தொடக்கத்திலேயே, “உண்மையே பேசுவேன்னு சத்தியம் பண்ணுங்க” என்றார்.

“எங்க சபையில சத்தியம் பண்றதில்லைங்க. உண்மையே பேசுறேன்னு சொல்றேன்.”

“ஆரம்பமே இப்படியா?” என்று வெண்டல் சிரித்துவிட்டு, சரி என்றார்.

ஈனோஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். “எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணுங்க. அந்தப் படம் உங்களுக்கு எதுக்குத் தேவைப்படுது?”

இதுவரை யாரும் கேட்காத கேள்வி போலிருந்தது. ஓரத்திலிருந்த கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர்தான் பேசினார். “உங்க லைசென்ஸை வச்சு வேற யாராவது ஏலம் விட்டு ஜனங்களை ஏமாத்திடக் கூடாதில்ல?”

“அது நியாயம். எனக்கும் அப்படி ஆகக் கூடாது. படத்தைத் தவிர வேற எது கேட்டாலும் தர்றேன். உயரம், கண்ணு நிறம், கைரேகை, எங்க பிஷப் கடிதம்.”

“ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிட்டு வந்தா நாங்க என்னதான் செய்யறது?” என்றார் அவர்.

“வந்தா அவங்களையும் கேளுங்க. என்னைக் கேட்டீங்கல்ல, அது மாதிரி.”

ஒல்லி மனிதர் விடவில்லை. “தாடியும் தொப்பியுமா நீங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் இருக்கீங்க. படம் இருந்தாலும் கண்டுபிடிக்க முடியுமான்னு தெரியல.”

“எங்களுக்கும் அதே கஷ்டம்தாங்க. டை கட்டுனவங்க எல்லாரும் ஒரே ஆளாத்தான் தெரியறாங்க.”

முதலில் சிரித்தது அந்த ஒல்லி மனிதர்தான். தன் டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

வாரியத்தின் வக்கீலம்மா அப்போதுதான் காகிதத்தைப் புரட்டினார். “நம்ம மாநிலத்துச் சட்டமே இருக்கு. ஒருத்தருடைய மதத்துக்கு இடைஞ்சல் வர்ற மாதிரி நிபந்தனை போட்டா, அது கட்டாயம் தேவைதான்னு நாமதான் காட்டணும். வேற வழியில அதே காரியம் நடக்கும்னா, அந்த வழியிலதான் போகணும். கைரேகை அந்த வழிதான். அதுவுமில்லாம இவர்கிட்ட படமில்லாத அடையாள அட்டை இருக்கு. அரசாங்கமே கொடுத்தது.”

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார் வெண்டல்.

“நீங்க நல்லாப் பேசிக்கிட்டு இருந்தீங்க.”

ஆறு பேர் சரி என்றார்கள். ஒல்லி மனிதர் மட்டும் எதிர்த்துக் கை தூக்கினார். விதி விதிதான் என்றார். கூட்டம் முடிந்ததும் அவரே வந்து ஈனோஸின் கையைக் குலுக்கி, தன் மாமனார் வீட்டு விவசாயச் சாமான்களை ஏலம் விடமுடியுமா என்று விசாரித்தார்.

அத்தோடு முடிந்ததென்று நினைத்தோம். கீழே கைரேகை எந்திரத்தில் ஈனோஸ் கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. பத்து விரலுக்கும் அதே சிவப்பு. இருபது வருடம் மெழுகு நூலும் தோலும் இழுத்து இழுத்து, விரலெல்லாம் கூழாங்கல் மாதிரி வழவழத்துப் போயிருந்தன.

டெல்ஃபீன் அவர் விரல்களில் களிம்பு தடவிப் பார்த்தாள். “நீங்க திருடப் போயிருந்தா உங்களைப் பிடிச்சிருக்கவே முடியாதுங்க.”

“தோல் வேலை நல்லாப் போகுது. அதனால தேவைப்படல” என்றார் ஈனோஸ்.

இரண்டு வாரம் ஊசி தொடாமல் வாருங்கள், ரேகை கொஞ்சம் எழும்பும் என்று அவள் சொல்லி அனுப்பினாள். ஈனோஸ் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு வீட்டில் சும்மா உட்கார்ந்தார். அதில் அவதிப்பட்டது மலிண்டாதான். பத்தாம் நாள் என்னைப் பார்த்ததும், “இவரை எங்கயாவது ஓட்டிக்கிட்டுப் போங்களேன். அடுப்புல இருக்கிற கரண்டியையெல்லாம் ஏலம் விடுறார்” என்றாள்.

இரண்டாம் முறை பச்சை விளக்கு எரிந்தது. லைசென்ஸ் பிப்ரவரி கடைசியில் வந்தது. படம் இருக்கவேண்டிய இடத்தில் ‘படமின்றிச் செல்லும்’ என்று அச்சடித்திருந்தது. ஈனோஸ் அதை இரண்டு முறை படித்து, மடித்து, தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். மலிண்டா அதை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தாள்.

மார்ச் இரண்டாம் சனிக்கிழமை. கணுக்கால் வரை சேறு. வைக்கோல் வண்டியின்மேல் ஏறி நின்ற ஈனோஸுக்கு முதல் வார்த்தை எழவில்லை. கீழே நின்ற ஹார்லன் குரலில்லாத தொண்டையால் எதையோ சொல்ல முயன்றார். சத்தம் வரவில்லை, கையால் மட்டும் முன்னே தள்ளுவதுபோல் காட்டினார். ஈனோஸ் மூச்சை இழுத்தார். பிறகு வாய் நிற்கவே இல்லை. இருபது, இருபத்தஞ்சு, அங்கே முப்பது, தாடிக்காரர் முப்பத்தஞ்சு, எந்தத் தாடிக்காரர்னு கேக்குறீங்களா, நீங்கதான். கூட்டம் ஆடிச் சிரித்தது. அங்கே கை மேலே போனாலே விலை கேட்டதாகத்தான் கணக்கு.

நான் வேலி ஓரம் நின்று ஆனந்தமாக மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

“ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். லொரெட்டாக்காவுக்கு.”

“எனக்கு என்ன வந்திருக்கு?” என்றேன் பக்கத்தில் நின்றவரிடம்.

“பன்னிரண்டு வாத்துங்க” என்றார் அவர். “நல்ல விலைதான்.”

வேனின் பின் இருக்கையை இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறேன்.