எட்டில் ஒரு பங்கு

லிஃப்ட்காரர் தன் ஐம்பத்திரண்டாவது வயதில் மறுபடியும் வளர ஆரம்பித்தார், மாதத்துக்கு இரண்டு விரற்கடை வீதம். முதல் மாதம் கால்சட்டை சுருங்கிவிட்டது என்று சலவைக்காரரைத் திட்டினார்கள். மூன்றாம் மாதம் மின்விசிறி அவருக்குத் தலை சீவிவிட்டது. ஆறாம் மாதம் அவர் முழங்காலை மடக்கிக் கழுத்தைச் சாய்த்து நின்றதில், நாலு பேர் ஏறும் லிஃப்டில் ஒன்றரைப் பேர்தான் ஏற முடிந்தது. கட்டட மேலாளர் நல்ல மனிதர். அதனால் மாதக் கடைசி வரை அவகாசம் கொடுத்தார். "ஒண்ணு நீங்க குறையணும், இல்ல வேற ஆள் வரணும். லிஃப்டை இழுத்தா விட முடியும்?" இருபத்தாறு வருஷமாக மேலும் கீழும் போய்வந்த மனிதருக்கு வேறு திசையில் போகிற வேலை எதுவும் தெரியாது.

அவர் மனைவி அப்போதுதான் நூலகத்தின் பின்னறையில் நடந்த மண்பாண்ட வகுப்பில் சேர்ந்திருந்தாள். சொந்தக் கையால் நாலு குவளை செய்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. சொல்லிக்கொடுத்தவள் இவளைவிடப் பாதி வயதுப் பெண், வாய் கொஞ்சம் நீளம். "பெரிசாவே பண்ணுங்கக்கா. காயும்போது கொஞ்சம், சூளையில மிச்சம்னு எட்டுல ஒரு பங்கு சுருங்கிடும்" என்றாள். இவள் கையிலிருந்த குவளையை நசுக்கி உருட்டி வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் புருஷனை அளந்தாள். எட்டில் ஒரு பங்கு போனால், கல்யாணத்தன்று இருந்த உயரத்துக்கு அரை விரற்கடைதான் குறைச்சல். மறுநாளே அவரை முழ உயரத்துக்கு மண்ணில் செய்ய உட்கார்ந்தாள்.

காற்றுக் குமிழி தங்கக் கூடாது என்று மண்ணைப் பலகையில் அறைந்து அறைந்து பிசைந்தாள். அன்று லிஃப்ட்காரரின் பத்து வருஷ இடுப்புவலி இரண்டாம் மாடி வருவதற்குள் விட்டுப்போயிற்று. கைகளை ஒட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் கீறி, கூழாகக் கரைத்த மண்ணைத் தடவி அழுத்தினாள். அவர் பொழுது முழுக்கத் தோளைச் சொறிந்தார். இடது தோளில் கீறல் போதவில்லையோ என்று மட்டும் அவளுக்கு ஒரு சந்தேகம் தங்கிவிட்டது. "உள்ளே குடையாம விட்டா வெடிச்சிடும்க்கா" என்று அந்தப் பெண் சொன்னதால், வயிற்றைப் பிளந்து கரண்டியால் வழித்தெடுத்து மூடி, ஆவி போக இடது குதிகாலில் ஊசியால் ஒரு துளை போட்டாள். அன்று அவர் மூன்று ஆள் சாப்பாட்டை முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னடி, வயிறு காலியாவே இருக்கு?"

"காலியாத்தான் இருக்கு. சாப்பிடுங்க."

பாலிதீன் தாள் போர்த்திப் பத்து நாள் பொம்மையைக் காயவைத்தார்கள். அவருக்குத் தோல் இறுகி, மூன்று விரற்கடை குறைந்தது. ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் கோணிக்கொள்வார் என்று அவரை மின்விசிறிக்கு அடியில் உட்கார விடவில்லை. மாதக் கடைசிக்கு முந்தின நாள் காலையில் சூளை மூட்டினார்கள். மத்தியானம் உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். அவள் சூளைக் கதவுக்குப் பாய்ந்தாள். "இப்போ திறந்தா எல்லாமே விரிசல் விட்டுடும். நாளைக்குத்தான்" என்று அந்தப் பெண் குறுக்கே நின்றாள். இவள் வீட்டுக்கு ஓடினாள். லிஃப்ட்காரர் தரையில் படுத்திருந்தார். நெற்றியில் போட்ட ஈரத்துணி போட்ட கையோடு காய்ந்தது. குதிகாலிலிருந்து விசில் அடித்தபடி ஆவி போய்க்கொண்டிருந்தது.

"எங்கேயாவது விட்டுப்போன மாதிரி இருக்குதாங்க?"

"பசிதான் இருக்கு."

மறுநாள் சூளையைத் திறந்தால், வெடித்தது வகுப்பில் கூடப் படித்த வங்கிக் காசாளர் செய்த சாம்பல் கிண்ணம். பொம்மை முழுசாக இருந்தது. ஆனாலும் அவள் நம்பவில்லை. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் தட்டும்போது சத்தம் மந்தமாக வரும் என்று படித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும், கதவு நிலையில் தலை இடிக்காமல் நின்றிருந்தவரைத் திரும்பச் சொல்லி, இடது தோளில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள். 'டங்' என்று அடுத்த வீடு வரை கேட்டது. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஒரு மாதம் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டாள்.

சுட்ட மண் வளராது, அவரும் வளரவில்லை. நிறம் செங்கல் பக்கம் ஒரு படி நகர்ந்தது, பசி மூன்று ஆளுக்கே நின்றுவிட்டது. சூடாக எதையாவது குடித்துவிட்டு வந்தால் குதிகால் விசில் அடிக்கும். நாலாம் மாடியில் நிற்பவர்கள் அதைக் கேட்டுத்தான் கோப்புகளை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். லிஃப்டின் மணி பழுதானபோது அதைச் சரிசெய்யச் சொல்லி யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.