சலாலாவில் ஓர் அறுக்குளா

கடலை வெல்லவே பிறந்தவர் எங்கள் கணக்காளர் கனகரத்தினம். வியாழன் லீவு முழுவதும் ஓமானின் சலாலாக் கடலில் வாந்தி எடுத்தார். ஆனால் அறுக்குளா மீனோடுதான் திரும்புவேன் என்று நாங்கள் தங்கும் கேம்ப் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாரே! மறுநாள் வெள்ளி லீவிலும் எங்களோடு வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடும் படகில் தூண்டில் கயிற்றைப் பிடித்து நின்றார்.

"கலாஸ் அண்ணாச்சி, போதும், கரைக்குப் போயிருவோமா?" என்றான் படகோட்டிய ஜஸ்டஸ்.

"பொறும் தம்பி, இன்னும் ஒருக்காச் சுத்தும்."

அந்தச் சுற்றில் மீன் கவ்வியது. கயிறு உள்ளங்கையை அறுத்தது, அவர் விடவில்லை.

"அண்ணாச்சி, சாரம் கழருது!"

"கழரட்டும், மீனை விடமாட்டன்!"

அப்படியொரு பிடியை நாங்கள் கண்டதில்லை. மீன் படகில் ஏறியது, சாரம் கடலோடு போனது. கரையில் கேம்பே திரண்டு கைதட்ட, மீனை முன்னால் பிடித்தபடி கம்பீரமாக இறங்கினார்.

மீன் அவ்வளவு பெரியதில்லை.