பிஸ்கட்டின் எடை

குன்மிங் நகரில் ஐந்தாம் மாடியில் குடியிருந்த பிரைடி ஹாலரனின் பூனை பிஸ்கட், வாசலை நோக்கித் தூக்கினால் மட்டும் எருமைக் கனம் கனத்தது. ஜன்னல் விளிம்புக்குத் தாவும்போது அதே பூனை நாலு கிலோதான்.

ஆஸ்திரேலியாவின் பெண்டிகோவிலிருந்து ஆங்கிலம் கற்பிக்க வந்தவள் அவள். பிஸ்கட்டைச் சீனாவுக்குள் கொண்டுவரும் விதிகளை வரிவரியாகப் படித்து, தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, தோலுக்கடியில் சிப் எல்லாம் ஒழுங்காக முடித்தாள். திரும்பிப் போகும் விதியைப் படிக்கவில்லை. வருகிற எவரும் படிப்பதில்லை. சீனாவிலிருந்து நேராக வரும் பூனையை அவள் நாடு ஏற்காது. இடையில் இன்னொரு நாட்டில் மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். அதற்கெல்லாம் பள்ளி விடுப்புத் தராது. இது அவளுக்குத் தெரிந்த நாளில் பூனை கனக்கத் தொடங்கியது. கால்நடை மருத்துவரே படியேறி வந்து பார்த்தார், நோயில்லை என்றார். கீழ்வீட்டு பெங் அம்மாள் தூக்கிப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், இதுக்கு என்ன போடுறீங்க? என் வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் குடுங்க, காத்துல பறக்குறாரு."

நான்காம் ஆண்டு பெண்டிகோவில் அம்மா படுக்கையில் விழுந்தாள். அண்ணன் டெர்மட் அழைத்தான். "பூனைதானே. யார்கிட்டயாவது குடுத்துட்டுக் கெளம்பு. அம்மாவ விடவா அது?"

"அம்மாகிட்ட நீ இருக்க. இதுகிட்ட யாரு இருக்கா?"

"அம்மா உன் பேரத்தான் சொல்லுது."

மகன் பக்கத்திலேயே இருந்தாலும் மகள்தான் வர வேண்டும். அங்கேயும் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. பிரைடி பூனையைப் பெங் அம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு, பெட்டியோடு வாசலைத் தாண்டக் காலெடுத்தாள். கனம் பூனையை விட்டு அவளிடம் வந்தது. கால் எழவில்லை. காவலாளி லியாங்கும் டாக்சிக்காரரும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து இழுத்தார்கள். "பியானோவயே ஏத்தியிருக்கேன்," என்று லியாங் மூச்சு வாங்கினார். "இது ஆவாது, டீச்சர்." டாக்சி போனது. பிறகு விமானமும் போனது. பெங் அம்மாள் பிஸ்கட்டை ஒற்றைக் கையில் இடுக்கி, படியிறங்கி, முற்றத்து வெயிலைக் காட்டிக் கூட்டிவந்தாள்.

அம்மாவின் அடக்கத்தைப் பிரைடி கைபேசித் திரையில் பார்த்தாள். அன்று அவள் காலடியில் தரை ஒரு விரற்கடை இறங்கியது. அவளால் வாசலைத் தாண்டவே முடியாததால் பள்ளி அவளிடம் பேசிப் பார்த்து, பிள்ளைகளை மாடிக்கே அனுப்பத் தொடங்கியது. இன்றும் அவர்கள் படியேறி வந்துதான் படிக்கிறார்கள். பெங் அம்மாள் யாரையும் திட்டாமல் தன் கூடத்தின் நடுவே இரும்புத் தூண் ஒன்றை முட்டுக் கொடுத்தாள். மழைக்காலத்தில் அதில்தான் குடைகளை மாட்டுகிறாள்.