கயிற்றை விடாத கெயர்ன்ஹில்

ஹெக்டர் லம்ஸ்டனை ஊரில் யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. பண்ணையின் பெயர்தான் அவருக்கும்: கெயர்ன்ஹில். நான்கு தலைமுறையாக அந்தப் பெயர் மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை. இந்தக் கோடையில் விழுந்தது. அபர்டீன்ஷயர் மாவட்டக் கால்நடைக் கண்காட்சி ஒன்றில் அவருடைய பரிசுக் காளை மிரண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு, மாதர் சங்கத்தின் தேநீர்க் கூடாரத்துக்குள் முன்பக்கமாகப் புகுந்து பின்பக்கமாக வெளியேறியது.

ஊர் மன்றத்தில் டோரிக் வட்டாரப் பேச்சிலேயே நையாண்டி நாடகம் போடும் குழுவுக்கு வேறென்ன வேண்டும்? கெயர்ன்ஹில் டை கட்டிக்கொண்டு, குழுத் தலைவி ஐலா டூகிட் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"எங்க குடும்பத்தப் பத்தி மேடையில ஒரு வார்த்த வரக்கூடாது."

"ஒரு வார்த்தகூட வராது கெயர்ன்ஹில், சத்தியமா."

அவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொண்டதிலேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை மனைவி ஜெஸியோடு முதல் வரிசையில் விறைப்பாக உட்கார்ந்தார். பாதிரியாரை வாரினார்கள். வராத பேருந்தை வாரினார்கள். பிறகு ஐலா முன்னால் வந்தாள். "அடுத்தது கண்காட்சிக் கத. வார்த்த இல்லாம."

பழைய கம்பளத்தைப் போர்த்திய இருவர் காளையாகப் பாய்ந்தார்கள். அவரைப் போலவே தொப்பி வைத்த ஒருவன் பின்னால் இழுபட்டான். மன்றமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கெயர்ன்ஹில் அசையவில்லை, கழுத்து மட்டும் பீட்ரூட்டாகச் சிவந்தது. தேநீர்க் கூடாரத்துக் கேக் மேசையாகப் போட்டிருந்த மேசை வந்ததும் தொப்பிக்காரன் கயிற்றை விட்டுவிட்டு அதன் அடியில் ஒளிந்தான்.

அவர் எழுந்துவிட்டார்.

"டேய்! எவன்டா கயித்த விட்டது?"

"உக்காருங்க, மானம் போகுது," என்று ஜெஸி கோட்டை இழுத்தாள்.

"இப்பதான் போகுது, ஜெஸி! லம்ஸ்டன் எவனும் மாட்டுக் கயித்த விட்டதில்ல. கண்ணுல கிரீமு, காதுல ஜாமு, அப்பவும் நான் விடல!"

"அப்போ கூடாரத்துக்கு அந்தப் பக்கம் எப்படிப் போய்ச் சேந்தீங்க?" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"குப்புறத்தான்! ஆனா கயிறு கையில!"

மேடையேறிக் கயிற்றைப் பிடுங்கினார். கம்பளத்துக்குள் இருந்தவர்கள் தயங்கினார்கள்.

"காளையாடா நீங்க? இழுங்கடா!"

இழுத்தார்கள். ஊர் பார்க்க, தேவாலயத்துக்குப் போகும் கோட்டோடு, மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை குப்புறப் போனார். பொத்தான் ஒன்று தெறித்துப் பியானோவுக்குள் விழுந்தது. கயிறு கையிலேயே இருந்தது.

கைதட்டல் ஓயவில்லை. அவர் எழுந்து டையைச் சரிசெய்துகொண்டார்.

"நாளைக்கும் ஆட்டம் உண்டா?"

"உண்டு," என்றாள் ஐலா. "நீங்க வர்றீங்களா?"

"வராம? அந்தப் பின்னங்காலா வர்ற பயல மட்டும் மாத்திடு. எங்க வீட்டுக் காள அப்படி நொண்டாது."